புவியியல் ஆசிரியர் என்று நம்மை அங்கீகரிப்பது யார்? டெட், டி.ஆர்.பி., சார்ட்டர்டு பட்டம்

வடசென்னை வானதி
ஞாயிறு, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. புவியியலும் பி.எட்.டும் முடித்து, சென்னையில் ஒரு தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் நாலாவது வருடமாக வேலை பார்க்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல். வரலாறு, குடிமையியல், பொருளியல், புவியியல் நாலும் நான்தான். நான் புவியியல் படித்தவள் என்பதே பள்ளியில் பாதிப் பேருக்குத் தெரியாது. போன வாரம் டைம்டேபிள் போடும்போது, "சோஷியல் யார் எடுத்தா என்ன, புத்தகத்தைப் பார்த்துச் சொல்றதுதானே" என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் சொன்னார். மனது மிகவும் கஷ்டப்பட்டுவிட்டது.

என் பெரியம்மா மகள் லெஸ்டரில் இருக்கிறாள். அவள் பிள்ளைக்குப் புவியியல் எடுக்கும் ஆசிரியை 'சார்ட்டர்டு ஜியாகிரஃபர்' என்று ஒரு பட்டம் வாங்கியிருக்கிறாராம். சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் தெரியும். புவியியலுக்கும், அதுவும் பள்ளி ஆசிரியருக்கும் அப்படி ஒன்று உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

என் கேள்விகள் இவை. இங்கே புவியியல் ஆசிரியர் என்ற முழு அங்கீகாரம் கிடைக்க எந்த வரிசையில் போக வேண்டும்? ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் எழுதுவதா, நேராக ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் படிப்பதா? அந்த சார்ட்டர்டு பட்டம் நமக்கு எந்த வகையிலாவது உதவுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


குரோம்பேட்டை குமரன்
ஞாயிறு, இரவு 9:50

உங்கள் எம்.எஸ்சி. சான்றிதழில் பாடத்தின் பெயர் 'புவியியல்' என்றே இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஏன் கேட்கிறேன் என்றால், நான் இளநிலையில் புவியியல் படித்தேன். முதுநிலையில் ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ். செயற்கைக்கோள் படங்கள், கணினியில் வரைபடம் செய்யும் ஜி.ஐ.எஸ். என்று எனக்குப் பிடித்ததெல்லாம் அதில் இருந்தது. பி.எட். முடித்து ஒரு பணித்தேர்வு எழுதினேன். கட் ஆஃபுக்கு மேலேயே மதிப்பெண். சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவும் கூட வந்து வெளியே உட்கார்ந்திருந்தார். உள்ளே கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "இது புவியியலுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா?" என்னிடம் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு ஓடினேன், பாடத்திட்டத்தைக் காட்டினேன், கடிதம் மேல் கடிதம் எழுதினேன். அந்தப் பட்டியல் முடிந்துபோனது.

எந்த அலுவலகம் என்று எழுத விரும்பவில்லை. அங்கிருந்தவர்கள் விதிப்படிதான் நடந்துகொண்டார்கள். சேரும்போதே கல்லூரியில் ஒருவராவது சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். இப்போது தொலைநிலையில் எம்.ஏ. புவியியல் படிக்கிறேன். இரண்டு வருடம் போனது போனதுதான்.

அப்ளைடு ஜியாகிரபி, ரிமோட் சென்சிங் என்று பட்டத்தின் பெயர் வேறு மாதிரி இருப்பவர்கள், உயர்கல்வித் துறை வெளியிட்டிருக்கும் இணைத்தன்மை அரசாணைகளில் தங்கள் பல்கலைக்கழகமும் தங்கள் பட்டமும் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பார்த்து, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இளநிலை வரலாறு, முதுநிலை புவியியல் என்று கிராஸ் மேஜர் படித்தவர்களும் கவனம். முதுகலை ஆசிரியர் பணிக்கு இரண்டும் ஒரே பாடமாக இருக்க வேண்டும்.


வடசென்னை வானதி
ஞாயிறு, இரவு 10:05

அண்ணா, படித்ததும் அழுகை வந்துவிட்டது. என்னுடையது இரண்டுமே புவியியல்தான். இப்போதுதான் பீரோவைத் திறந்து பார்த்தேன்.


தேர்வுத் தோழன்
ஞாயிறு, இரவு 10:31

வரிசை கேட்டீர்கள், சொல்கிறேன்.

உங்கள் முன்னால் இரண்டு பாதை. முதலாவது பட்டதாரி ஆசிரியர் பணி, பத்தாம் வகுப்பு வரை நடத்துவது. அதற்கு டெட் இரண்டாம் தாள் தேர்ச்சி வேண்டும். மொத்தம் 150 கேள்வி: குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, சமூக அறிவியல் 60. பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 60 சதவீதம், அதாவது 90 மதிப்பெண். மற்ற பிரிவுகளுக்கு எவ்வளவு என்பதை அந்தந்த அறிவிக்கையில் பாருங்கள். முன்பு ஏழு வருடம்தான் செல்லும் என்றிருந்த டெட் சான்றிதழ், 2021-லிருந்து ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் டெட் பாஸ் செய்துவிட்டால் வேலை வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2018-ல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு, டெட் தேர்ச்சி பெற்றவர்கள் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். 2024 பிப்ரவரியில் நடந்தது அதுதான். அதில் புவியியல் தனிப் பாடம். வரலாற்றுக்காரர்கள் வேறு பட்டியல், நாம் வேறு பட்டியல்.

இன்னொன்று பதினொன்று, பன்னிரண்டுக்கு நடத்தும் முதுகலை ஆசிரியர். இதற்கு டெட் தேவையில்லை, பி.எட். போதும். 150 மதிப்பெண்ணில் 110 நம் பாடத்திலிருந்து, 30 கல்வியியல், 10 பொது அறிவு. புவிப்புறவியல், காலநிலையியல், வரைபடவியல் என்று நாம் கல்லூரியில் படித்தது உயிரோடு இருக்கும் தேர்வு இது. உங்களைப் போல மேஜர் மாறாமல் படித்தவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இரண்டிலும் கட்டாயத் தமிழ்த் தகுதித் தேர்வு உண்டு. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் பாட விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ் நமக்குத் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மேல்நிலையில் புவியியல் பிரிவு இருக்கும் பள்ளிகள் குறைவு, அதனால் காலியிடங்களும் குறைவு. எனவே டெட்டையும் விடாதீர்கள். சி.பி.எஸ்.இ. பக்கமே இருக்க நினைத்தால் மத்திய அளவிலான தகுதித் தேர்வான சி-டெட் எழுதுங்கள். கேந்திரிய வித்யாலயாவில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியருக்கு வரலாறோ புவியியலோ ஒன்று கட்டாயம் படித்திருக்க வேண்டும். பதினொன்று, பன்னிரண்டுக்குப் புவியியல் தனிப் பணியிடம்.

சார்ட்டர்டு பட்டமெல்லாம் நல்ல விஷயமாக இருக்கலாம். ஆனால் இங்கே எந்த அறிவிக்கையிலும் அதற்கு இடமில்லை. உங்கள் நேரத்தைப் படிப்பில் போடுங்கள்.


மறைமலைநகர் டீச்சர்
திங்கள், காலை 6:20

பால் காய்ச்சிக்கொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 2008-ல் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தேன். பாடம் புவியியல், வயது 47. நான் சேர்ந்தபோது டெட் என்ற பேச்சே கிடையாது. கல்வி உரிமைச் சட்டமே 2009-ல்தான் வந்தது, டெட் விதி 2010 ஆகஸ்ட் மாதம். அதற்கு முன்னால் சேர்ந்தவர்களுக்கு வேண்டாம் என்றுதான் இத்தனை வருடமும் இருந்தோம். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து வருடத்துக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் வேலையில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டுமானால் அவர்களுக்கும் டெட் வேண்டும்.

எனக்கு இன்னும் பதின்மூன்று வருடம் இருக்கிறது. பதினேழு வருடத்துக்கு மேல் பருவக்காற்று நடத்தியிருக்கிறேன். பத்தாம் வகுப்பில் நிலவரைபடக் கேள்வியில் முழு மதிப்பெண் வாங்காத பிள்ளை என் வகுப்பில் அபூர்வம். இப்போது இரவு சமையல் முடிந்ததும் பியாஜே, வைகாட்ஸ்கி என்று குழந்தை உளவியலோடு உட்கார்ந்திருக்கிறேன். சமூக அறிவியல் 60 எனக்குப் பயமில்லை. குழந்தை வளர்ச்சியும் ஆங்கில இலக்கணமும்தான் பயமுறுத்துகின்றன.

அதனால் வானதி, உனக்கு ஒன்று சொல்கிறேன். எழுதக்கூடிய வயதில் எழுதி முடித்துவிடு. தேவையில்லை என்று இன்றைக்கு யார் சொன்னாலும் கேட்காதே.


வடசென்னை வானதி
திங்கள், மாலை 5:48

அக்கா, பி.எட். படித்தபோது எழுதிய குழந்தை வளர்ச்சிக் குறிப்புகள் ஒரு முழு நோட்டு அப்படியே இருக்கின்றன. உங்களுக்குப் பயன்படுமா?


கோவென்ட்ரி தமிழச்சி
செவ்வாய், அதிகாலை 2:15

நான் ராணிமேரிக் கல்லூரியில் புவியியல் படித்தவள். மெரினாவுக்கு எதிரிலேயே இருந்ததால் எங்களுக்குக் கடற்கரைதான் ஆய்வுக்கூடம். பதினொரு வருடமாக இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். நீங்கள் கேட்ட பட்டம் என்னிடம் இருக்கிறது.

அதைக் கொடுப்பது லண்டனில் இருக்கும் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி. 1830-ல் தொடங்கிய சங்கம். சார்ட்டர்டு ஜியாகிரஃபர் என்ற பட்டம் வெள்ளம் ஆய்வு செய்கிறவர், நகரத் திட்டமிடுகிறவர் என்று பலருக்கும் உண்டு. அதிலேயே ஆசிரியருக்கென்று தனி வகை இருக்கிறது. அது வகுப்பறைக்குள் போவதற்கான உரிமம் இல்லை. இங்கே உரிமம் என்றால் க்யூ.டி.எஸ். எனப்படும் தகுதிநிலைதான். அது இருந்து, பல வருடம் பாடம் நடத்திய பிறகு, இவர் இந்தப் பாடத்தில் ஆழமானவர், இன்னும் கற்றுக்கொண்டே இருப்பவர் என்று சக புவியியலாளர்கள் பார்த்துக் கொடுக்கும் மரியாதை இது. தேர்வு கிடையாது. நாம் என்ன செய்தோம் என்று எழுதிக் காட்ட வேண்டும். எங்கே களப்பணிக்கு அழைத்துப் போனோம், பாடத்திட்டத்தில் எதை மாற்றினோம், மற்ற ஆசிரியர்களுக்கு எப்படி உதவினோம் என்றெல்லாம். நம்மை அறிந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். கிடைத்த பிறகும் வருடா வருடம் புதிதாக என்ன கற்றோம் என்று கணக்குக் காட்ட வேண்டும்.

விண்ணப்பம் எழுத எனக்கு மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில்தான், இத்தனை வருடம் நான் என்ன செய்தேன் என்று முதல்முறையாக உட்கார்ந்து யோசித்தேன். பட்டத்தைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இங்கே வந்து வேலை பார்க்கும் எண்ணம் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 பிப்ரவரியில் இந்திய ஆசிரியர்களும் நேரடியாக க்யூ.டி.எஸ்.-க்கு விண்ணப்பிக்க வழி திறந்தார்கள். ஆனால் நம் நாட்டில் தகுதி பெற்றவர்களுக்கு அந்த வழி கணிதம், அறிவியல், மொழிப்பாடம் மூன்றுக்கு மட்டும்தான். புவியியல் அதில் இல்லை. நான் இங்கே மறுபடியும் ஒரு வருடம் பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சி படித்துத்தான் வந்தேன். இதைச் சொல்லாமல் பணம் வாங்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள், கவனமாக இருங்கள்.


தேர்வுத் தோழன்
செவ்வாய், காலை 7:40

அக்கா, தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் என் கவலை இதுதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நூலகத்தில் காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரு மதிப்பெண்ணில் வேலை போகிறது. களப்பணி, ஆழம் என்றெல்லாம் பேசினால் அவர்களுக்கு அது எட்டாத பேச்சாகத் தெரியும். தேர்வில் பாஸ் செய்கிறவனுக்குத்தான் வகுப்பறையே கிடைக்கிறது. வகுப்பறை கிடைத்த பிறகு மற்றதைப் பார்க்கலாமே.


பழைய டோப்போ ஷீட்
செவ்வாய், பகல் 11:30

நான் ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியன், புவியியல். முப்பத்தோரு வருடப் பணி. தேர்வுத் தோழன் தம்பி சொல்வதை மறுக்க மாட்டேன். வேலை வேண்டும், சம்பளம் வேண்டும், அதற்குத் தேர்வு ஒன்றுதான் வாசல். ஆனால் 'கிடைத்த பிறகு பார்க்கலாம்' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கிடைத்த பிறகு பார்க்காமலே ஓய்வு பெற்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நானே முதல் எட்டு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

என்னை மாற்றியது ஒரு மாணவன் கேட்ட கேள்வி. காசிமேட்டுப் பையன். கடற்கரை நீரோட்டம் மணலை நகர்த்துவதைப் புத்தகத்தில் இருந்தபடி நடத்திக்கொண்டிருந்தேன். "சார், மெரினாவுல மட்டும் ஏன் அவ்வளவு மணல், எங்க பக்கம் ஏன் கல்லைக் கொட்டி வெச்சிருக்காங்க?" என்றான். பதில் என் பாடத்திலேயே இருந்தது. நான்தான் அதுவரை அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை. நம் கரையோரம் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியதும் மணல் அதன் தெற்கே தேங்கியது. மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் போய்ச் சேர வேண்டிய மணல் போகவில்லை, கடல் கரையை அரித்தது. அவன் வீடு இருந்த தெருவின் கதை அது. அடுத்த சனிக்கிழமை வகுப்பையே அழைத்துக்கொண்டு போனேன். ஹெச்.எம். முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பெற்றோர் கையெழுத்து வாங்கிக் கொடுத்த பிறகுதான் விட்டார்.

சென்னையில் இருப்பவர்களுக்கு என்ன குறை? ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் 1802 ஏப்ரலில் அடிக்கோடு அளக்கத் தொடங்கியது பரங்கிமலைப் பக்கம்தான். இந்தியாவை அளந்த கணக்கு நம் ஊரில் தொடங்குகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-லிருந்து, உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இருக்கிறது. 2015 வெள்ளத்தில் அடையாறு எங்கெல்லாம் ஏறியது என்று பிள்ளைகளின் வீட்டுச் சுவரே சொல்லும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போ ஷீட்டை, அதாவது நிலத்தோற்ற வரைபடத்தை, இப்போது இணையத்தில் இலவசமாகவே இறக்கலாம். நான் ஒரு ஷீட்டுக்கு அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். மேல்நிலையில் செய்முறைத் தேர்வு வைத்திருப்பதே இதற்காகத்தான். ரெக்கார்டு நோட்டில் ஏதோ ஒரு மலையின் சமஉயரக்கோட்டைக் காப்பி அடிப்பதற்கல்ல.

வானதி அம்மா, உங்கள் ஸ்டாஃப் ரூமில் சொன்ன அந்தப் பேச்சுக்குப் பதில் எந்தச் சான்றிதழிலும் இல்லை. புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறவரும் நீங்களும் ஒரே பாடத்தை நடத்தும்போது பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரிய வேண்டும். இது என் முப்பது வருட நம்பிக்கை.


கோவென்ட்ரி தமிழச்சி
செவ்வாய், மாலை 4:02

ஐயா, காசிமேட்டுப் பையனின் கேள்வியை என் வகுப்பில் சொல்லப் போகிறேன். இங்கே பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. புவியியலுக்கு இரண்டு வெவ்வேறு இடங்களில் களப்பணி கட்டாயம். அதற்கு அடுத்த ஏ லெவலில் குறைந்தது நாலு நாள். பிள்ளை தானே செய்யும் ஆய்வுக்கு 20 சதவீத மதிப்பெண். விதி இருப்பதால் பள்ளியும் மறுக்க முடியாது. நீங்கள் விதி இல்லாமலே செய்திருக்கிறீர்கள்.


குரோம்பேட்டை குமரன்
செவ்வாய், இரவு 8:25

எனக்கு ஒரு யோசனை. சென்னையிலேயே 1926-ல் சென்னைப் புவியியல் கழகம் என்று தொடங்கி, இப்போது இந்தியப் புவியியல் கழகமாக இருக்கிற அமைப்பு உண்டு. நூறு வருடப் பாரம்பரியம், சென்னைப் பல்கலைக்கழகத்தோடு நீண்ட உறவு, சொந்த ஆய்விதழ் எல்லாம் இருக்கின்றன. பள்ளிப் புவியியல் ஆசிரியர்களுக்கு லண்டன் சங்கம் கொடுப்பது போல ஒரு தொழில்முறை அங்கீகாரத்தை இவர்கள் ஏன் கொடுக்கக் கூடாது? அரசு வேலைக்கு மதிப்பெண் வேண்டாம், சம்பள உயர்வும் வேண்டாம். இவர் நல்ல புவியியல் ஆசிரியர் என்று புவியியல்காரர்களே சொன்னால் போதும். எல்லோரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதலாம்.


தேர்வுத் தோழன்
செவ்வாய், இரவு 8:51

இதற்கு நான் கையெழுத்துப் போடுவேன். ஆனால் ஒரு நிபந்தனை. கட்டணம் பெரிதாக இருக்கக் கூடாது, தமிழில் எழுதிக் கொடுக்க வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய பள்ளி ஆசிரியர்கள் மட்டும் வாங்கிக்கொள்வார்கள். கிராமத்துப் பள்ளியில் ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறவருக்கு அது போய்ச் சேராது.


மறைமலைநகர் டீச்சர்
செவ்வாய், இரவு 10:10

தமிழில் என்பது ரொம்ப முக்கியம், தம்பி. நான் செய்ததையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பாதியைத்தான் எழுதுவேன்.

பேசிக்கொண்டே இருந்தால் என் டெட் நிற்கும். 2027 செப்டம்பர் வருவதற்குள் முடிக்க வேண்டும். வானதி, அந்த நோட்டு எனக்குக் கட்டாயம் வேண்டும்மா.


வடசென்னை வானதி
புதன், இரவு 9:30

எல்லோர் பதிலையும் இரண்டு தடவை படித்தேன். நான் எடுத்த முடிவைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள்.

முதுகலை ஆசிரியர் தேர்வுதான் என் முதல் குறி. அதற்கு நடுவில் டெட் அறிவிப்பு வந்தால் அதையும் எழுதுவேன். தமிழ்த் தாளுக்கு வாரம் இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறேன். சி.பி.எஸ்.இ. பள்ளி ஆசிரியர்கள் வருடம் 50 மணி நேரம் பயிற்சி எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இதுவரை கிடைத்த வகுப்பில் போய் உட்கார்ந்து மணிக்கணக்கை நிரப்பினேன். இந்த வருடம் புவியியல் தொடர்பானதைத் தேடி எடுக்கப் போகிறேன். கோவென்ட்ரி அக்கா சொன்னது போல, செய்ததை எழுதி வைக்க ஒரு நோட்டும் வாங்கியாகிவிட்டது. முதல் பக்கத்தில் இதுவரை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் தெருவில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வரைந்து வந்த படங்கள். வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு பெண், கால்வாயை நோக்கி ஓட வேண்டிய தண்ணீர் திரும்பித் தன் வீட்டுப் பக்கமே வருவதாக அம்புக்குறி போட்டிருந்தாள். நாலு வருடத்தில் நான் நடத்திய எந்தப் பாடத்தையும்விட அந்த ஒரு அம்புக்குறியைப் பற்றித்தான் வகுப்பு அதிகம் பேசியது.

கடிதத்தின் முதல் வரைவைக் குமரன் அண்ணா எழுதுங்கள். தமிழில் விண்ணப்பம், குறைந்த கட்டணம் இரண்டையும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். ஐயா ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

மறைமலைநகர் அக்கா, சனிக்கிழமை வேலையாக சைதாப்பேட்டை வருகிறேன். நோட்டைக் கொண்டு வரவா? ரயிலில் வந்தால் ஸ்டேஷனிலேயே கொடுத்துவிடுகிறேன்.


மறைமலைநகர் டீச்சர்
புதன், இரவு 9:41

பதினொரு மணிக்கு வந்துவிடுகிறேன்மா. டிக்கெட் கவுன்டர் பக்கம் நில்லு. உனக்குக் கொடுக்க என்னிடம் பழைய டோப்போ ஷீட் இரண்டு இருக்கிறது, மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கும்.